ஆங்கில இலக்கியப் பட்டம்: யாருக்கு எந்த வழி?

ஆங்கில இலக்கியப் படிப்புகளை அருகருகே வைத்துப் பார்க்கிறவர்கள் முதலில் நூல் பட்டியலைத்தான் கையில் எடுக்கிறார்கள். இங்கே ஷேக்ஸ்பியர் அதிகம், அங்கே குறைவு. இங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டின் விக்டோரிய நாவல் உண்டு, அங்கே விருப்பப் பாடம் என்று கணக்குப் போடுகிறார்கள். அந்த நூல்களெல்லாம் நூலகத்தில் இருக்கின்றன. பதிப்புரிமை முடிந்த பழைய நூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றைப் படிக்க யாரும் பணம் கட்டிச் சேர வேண்டியதில்லை. பல்கலைக்கழகத்தில் மட்டும் கிடைப்பது என்னவென்றால், படித்ததைப் பற்றி உங்களை எழுதவைத்து, அதை விவரம் தெரிந்த ஒருவர் வரி வரியாகப் படித்து, எங்கே வழுக்கினீர்கள் என்று சொல்வதுதான். ஒரு படிப்பைவிட இன்னொன்று மேல் என்று நான் சொல்லும்போதெல்லாம் இந்த அளவுகோலை வைத்தே சொல்கிறேன்.

ஒப்பீட்டுக்குள் போவதற்கு முன் ஒரு கூட்டத்தாரைத் திருப்பி அனுப்பிவிடலாம். ஆங்கிலம் சரளமாகப் பேச வரவேண்டும் என்பதற்காக இந்தப் பட்டத்தில் சேர நினைப்பவர்களுக்கு இது தவறான கடை. ஆக்ஸ்ஃபோர்டில் முதல் ஆண்டு மாணவர்கள் படிக்கும் தாள்களில் ஒன்று ஏறத்தாழ 650 முதல் 1350 வரை எழுதப்பட்ட இலக்கியம். அந்தக் காலத்து ஆங்கிலத்தை இன்றைய ஆங்கிலம் தெரிந்தவர்கள்கூட இலக்கணமும் அகராதியும் வைத்துக்கொண்டு வேற்று மொழிபோலத்தான் கற்க வேண்டும். அலுவலகக் கடிதம் எழுதுவதற்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பேச்சுக்கும் எழுத்துக்கும் ஆங்கிலம் வேண்டுமென்றால் மொழிப் படிப்பு தனியாக இருக்கிறது. செலவும் காலமும் அதில் குறைவு.

இலக்கிய வகுப்பு எப்படி நடக்கிறது என்பதை ஒரு முறை கிட்டத்தில் பார்த்துவிட்டால் மற்ற ஒப்பீடுகள் எளிதாகிவிடும். பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருக்கும் ஒரு செமினார். எல்லார் கையிலும் 14 அடிகள் கொண்ட ஒரு சானெட். முதல் எட்டு அடிகளில் ஒருவர் முறையிடுகிறார். ஒன்பதாவது அடி ‘ஆனால்’ என்ற பொருளில் தொடங்குகிறது. ஒரு மணி நேரம் இந்தப் பதினான்கு அடிகளைத் தாண்டி யாரும் போவதில்லை. பேசுபவர் யார்? யாரைப் பார்த்துப் பேசுகிறார்? பதினோராவது அடியில் ஓசை ஏன் தட்டுகிறது? நம் பழைய உரையாசிரியர்கள் ஒரு சொல்லை நிறுத்திவைத்து, “என்னையெனின்” என்று தாமே வினவி விடை சொல்வார்களே, ஏறக்குறைய அந்த வேலைதான்.

பிறகு கட்டுரை. மாணவர் எழுதுகிறார்: “கவிஞர் தம் துயரத்தை மிக அழகாக வெளிப்படுத்துகிறார்.” ஓரத்தில் ஆசிரியரின் பேனா: “எந்த அடியில்? துயரம் என்று கவிதை எங்கே சொல்கிறது?” மறுமுறை அதே மாணவர் எழுதுகிறார்: “எட்டாம் அடிவரை ‘நாம்’ என்று பேசியவர், அதற்குப் பிறகு ‘நான்’ என்று மட்டுமே சொல்கிறார்.” முதல் வாக்கியத்தோடு யாரும் சண்டை போட முடியாது, ஏனென்றால் அதில் ஒன்றும் இல்லை. இரண்டாவதோடு போடலாம். முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு ஒருவரை நகர்த்துவதற்குத்தான் மூன்று ஆண்டுகள்.

இந்த முறைக்கு ஒரு வரலாறு உண்டு. கேம்பிரிட்ஜில் ஆங்கிலம் தனிப் பட்டப் பாடமாக 1917-இல் வந்தது. 1920-களில் அங்கே கற்பித்த விமர்சகர் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் கவிஞர் பெயரையும் காலத்தையும் மறைத்துவிட்டுக் கவிதைகளை மட்டும் மாணவர்களிடம் கொடுத்துக் கருத்து எழுதச் சொன்னார். நன்கு படித்தவர்கள் என்று பெயர் வாங்கியவர்கள்கூட நேர்ப்பொருளையே தவறவிட்டிருந்தார்கள். பெயர்பெற்ற கவிஞர்களைத் தள்ளி, சாதாரணக் கவிதைகளைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். அந்த விடைகளை அலசி அவர் 1929-இல் நூலாக வெளியிட்டார். இன்றும் உலகில் பல ஆங்கிலத் துறைகளில் முதல் ஆண்டில் இதே பயிற்சி ஏதோ ஒரு பெயரில் இருக்கிறது. நீங்கள் பார்க்கும் பாடத்திட்டத்தில் அப்படி ஒன்று இல்லாவிட்டால் சந்தேகப்படுங்கள்.

இனி வழிகள். முழுநேர வளாகப் படிப்பையே ஒரே பெட்டியில் போட முடியாது. அதற்குள் மூன்று சாதிகள் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் வகை முதலாவது. எட்டு வாரப் பருவம், ஏறக்குறைய வாரம் ஒரு கட்டுரை, அதை ஓர் ஆசிரியர் முன்னால் ஒருவராகவோ இருவர் மூவராகவோ உட்கார்ந்து விவாதிப்பது. என் அளவுகோலின்படி இதற்கு மேல் எதுவும் இல்லை. ஆனால் எல்லாருக்கும் ஏற்றதா என்றால் இல்லை. மூன்று லட்சம் சொற்கள் கொண்ட ஒரு விக்டோரிய நாவலை நிமிடத்துக்கு 200 சொல் என்ற வேகத்தில் படித்தால் 25 மணி நேரம் ஆகும். படித்துவிட்டு, விமர்சனங்கள் சிலவற்றையும் புரட்டிவிட்டு, கட்டுரையும் எழுதி, அடுத்த வாரம் அடுத்த நூலுக்குப் போக வேண்டும். நிதானமாகப் படித்து ஊறவைத்து எழுதுகிறவர்கள் இந்த ஓட்டத்தில் மூச்சுத் திணறுவார்கள். நல்ல வாசகர்கள் பலர் மெதுவாகப் படிப்பவர்கள் என்பது இந்த முறையை வகுத்தவர்களுக்குத் தோன்றவில்லை போலும்.

இரண்டாவது வகை, உலகம் முழுவதும் பரவலாக இருப்பது. ஒரு பாடத்துக்கு வாரம் ஒன்றிரண்டு விரிவுரை, ஒரு செமினார், பருவத்துக்கு இரண்டு கட்டுரைகள். இதில் தரம் முழுக்க முழுக்க செமினாரின் அளவைப் பொறுத்தது. பன்னிரண்டு பேர் என்றால் வாய் திறக்காமல் இருக்க முடியாது. முப்பது பேர் என்றால் கடைசி வரிசையில் மூன்று ஆண்டுகளையும் கழித்துவிடலாம்.

மூன்றாவது, நூறு பேருக்கு விரிவுரை, ஆண்டு முடிவில் எழுத்துத் தேர்வு, இடையில் எதுவும் இல்லை. விரிவுரையாளர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். திருத்திய விடைத்தாள் பெரும்பாலும் திரும்பிவராது. மதிப்பெண் மட்டும்தான் வரும். ‘58’ என்ற எண்ணிலிருந்து வாக்கியத்தைத் திருத்தக் கற்றுக்கொள்ள முடியாது.

தேர்வா கட்டுரையா என்ற வழக்கு பழையது. ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கிலத்தைப் பட்டப் பாடமாக்கும் முயற்சி நடந்தபோது, 1887-இல் அங்கே வரலாற்றுப் பேராசிரியராக இருந்த ஃப்ரீமன் கடுமையாக எதிர்த்தார். ரசனையைத் தேர்வு வைத்து அளக்க முடியாது, கடைசியில் கவிஞர்களைப் பற்றிய அரட்டைதான் மிஞ்சும் என்பது அவர் வாதம். அந்த வாதத்துக்குப் பதில்போலத்தான் 1894-இல் தொடங்கிய அந்தப் பட்டத்தில் பழைய ஆங்கிலமும் மொழி வரலாறும் கனமாக ஏற்றப்பட்டன. அவற்றில் சரி தவறு உண்டல்லவா? தேர்வுக்கும் ஒரு நன்மை இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு நூற்றாண்டின் இலக்கியத்தை மொத்தமாக மனத்தில் வைத்திருக்கத் தேர்வுதான் கட்டாயப்படுத்துகிறது. கட்டுரை மட்டும் எழுதுகிறவர் தாம் எழுதிய மூன்று நூல்களைத் தவிர மற்றவற்றை மறந்துவிடுகிறார். கட்டுரை எழுதித் தரும் கணினிக் கருவிகள் வந்த பிறகு சில துறைகள் நேரடித் தேர்வுக்கும் வாய்மொழித் தேர்வுக்கும் திரும்பிக்கொண்டிருக்கின்றன. பருவத்தின் நடுவில் திருத்தித் தரும் கட்டுரைகளும் முடிவில் தேர்வும் சேர்ந்திருந்தால் அதுவே நல்ல ஏற்பாடு.

பாடத்திட்டம் காலவரிசையில் போகிறதா, விருப்பப் பாடங்களாகச் சிதறியிருக்கிறதா என்பது அடுத்து. ஆக்ஸ்ஃபோர்டில் 1350–1550, 1550–1660, 1660–1760 என்று காலத்தைத் துண்டு துண்டாக வெட்டி, பெரும்பாலானவற்றை எல்லாரும் படித்தாக வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். வேறு பல இடங்களில் முதல் ஆண்டு முடிந்ததும் ‘பேய்க்கதை’, ‘நகரமும் நாவலும்’, ‘துப்பறியும் இலக்கியம்’ போன்ற தலைப்புகளில் பிடித்ததைப் பொறுக்கிக்கொள்ளலாம். விண்ணப்பிக்கும்போது இரண்டாவதுதான் கண்ணைப் பறிக்கும். ஆனால் இளங்கலைக்கு நான் காலவரிசைப் பக்கம்தான். பேய்க்கதையை யாரும் வற்புறுத்தாமலே படித்துக்கொள்வீர்கள். பதினெட்டாம் நூற்றாண்டு அங்கதக் கவிதையை வகுப்பு இல்லாமல் தொடவே மாட்டீர்கள். அதைப் படிக்காமல் அடுத்து வந்த புனைவியல் (ரொமாண்டிக்) கவிஞர்கள் எதற்கு எதிராகக் கொதித்தார்கள் என்பதும் பிடிபடாது.

காலவரிசைக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு, அது நியாயமானதுதான். வரிசையில் யார் நிற்பது என்பதை முன்பே யாரோ முடிவு செய்திருப்பார்கள். 1968-இல் கென்யாவின் நைரோபி பல்கலைக்கழகக் கல்லூரியில் பணியாற்றிய கூகி வா தியாங்கோவும் ஹென்றி ஓவூர்-அன்யூம்பாவும் தபான் லோ லியோங்கும் ஆங்கிலத் துறையையே கலைத்துவிடச் சொல்லி ஓர் அறிக்கை கொடுத்தார்கள். ஆப்பிரிக்க இலக்கியத்தை நடுவில் வைத்து, மற்றவை அதிலிருந்து எவ்வளவு தொலைவு, என்ன தொடர்பு என்று பார்த்துச் சேர்க்கட்டும் என்பது அவர்கள் கோரிக்கை. வாய்மொழி இலக்கியத்துக்கு அதில் முக்கிய இடம் இருந்தது. அங்கே ஆங்கிலத் துறை போய் இலக்கியத் துறை வந்தது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பதினான்காம் நூற்றாண்டுக் கவிஞர் சாசரில் தொடங்கி மில்டன் வழியாக இருபதாம் நூற்றாண்டு வரை வரும் பெருங்கவிஞர் வரிசை, ஆங்கிலத்தை முதன்மைப் பாடமாக எடுப்பவர்களுக்கு நெடுங்காலம் கட்டாயமாக இருந்தது. 2016-இல் மாணவர்கள் மனுக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே கட்டாயம் தளர்ந்தது. வகுப்பு ஒழியவில்லை, விரும்பியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். எனக்கு அது சரியான தீர்வாகவே படுகிறது. ஒப்பிடும்போது நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: கரீபியன், ஆப்பிரிக்க, தெற்காசிய எழுத்து மூன்றாம் ஆண்டின் ஓரத்தில் ஒரே ஒரு விருப்பப் பாடமாக ஒட்டவைக்கப்பட்டிருக்கிறதா, அல்லது முதல் ஆண்டிலிருந்தே மற்றவற்றோடு கலந்து வருகிறதா? ஒட்டவைத்த இடங்களில் அதைக் கற்பிப்பவர் பெரும்பாலும் ஒருவராகத்தான் இருப்பார். அவர் விடுப்பில் போனால் அந்த ஆண்டு அந்தப் பாடம் இருக்காது.

ஆங்கிலத்தை மட்டும் படிப்பதா, வரலாறு, தத்துவம், வேறு ஒரு மொழி என்று எதனோடாவது சேர்த்துப் படிப்பதா? மனம் உறுதியாக இல்லாதவர்களுக்கு அமெரிக்க, ஸ்காட்லாந்து முறைகள் வசதி. இரண்டிலும் பட்டம் நான்கு ஆண்டு. அமெரிக்காவில் இரண்டாம் ஆண்டு முடிவுக்குள் முதன்மைப் பாடத்தை அறிவித்தால் போதும். ஸ்காட்லாந்தில் முதல் இரண்டு ஆண்டுகளில் வேறு பாடங்களையும் சேர்த்துப் படிக்கலாம். இங்கிலாந்தின் மூன்றாண்டுப் படிப்பில் விண்ணப்பம் போடும் நாளிலேயே முடிவு செய்திருக்க வேண்டும். இணைப் பட்டங்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை: இரண்டு துறைகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. இரண்டு கட்டுரைகளின் கெடுவும் ஒரே வெள்ளிக்கிழமையில் வந்து விழும். அதையும் மீறி வரலாற்றோடு சேர்த்துப் படிப்பது நல்ல கூட்டு; பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர் தெரியாமல் மில்டனைத் தொட முடியாது. வேறு ஒரு மொழியின் இலக்கியத்தோடு சேர்ப்பது அதைவிடவும் நல்லது. தத்துவத்தோடு சேர்க்கிறவர்கள் பலர் கடைசியில் இலக்கியக் கோட்பாட்டை மட்டும் படித்துவிட்டுக் கவிதையை விட்டுவிடுகிறார்கள் என்பது என் புகார்.

வேலையில் இருப்பவர்கள், குடும்பப் பொறுப்பு உள்ளவர்கள் தொலைநிலைக் கல்வியை இரண்டாம் தரம் என்று எண்ணிக் கூசுகிறார்கள். தேவையில்லை. லண்டன் பல்கலைக்கழகம் தன் தேர்வுகளை வெளியில் இருந்து படிப்பவர்களுக்கும் 1858-இலேயே திறந்துவிட்டது. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1969-இல் நிறுவப்பட்டு 1971-இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. சேர முன்தகுதி எதையும் கேட்பதில்லை. அங்கே கணக்கு இப்படிப் போகிறது: ஆனர்ஸ் பட்டத்துக்கு 360 கிரெடிட். ஒரு கிரெடிட் ஏறக்குறைய பத்து மணி நேர உழைப்பு. ஆண்டுக்கு 60 கிரெடிட் எடுத்தால் 600 மணி நேரம், அதாவது படிப்பு நடக்கும் மாதங்களில் வாரத்துக்குப் பதினாறு முதல் பதினெட்டு மணி நேரம். பட்டம் முடிய ஆறு ஆண்டுகள். ஆறு ஆண்டு என்றதும் பலர் பின்வாங்குகிறார்கள். ஆனால் மேலே சொன்ன 25 மணி நேர நாவலை ஒரு வாரத்துக்குப் பதில் இரண்டு வாரத்தில் படிக்க முடிவதும் இதில்தான். அதோடு, ஆண்டு முழுவதும் பல முறை கட்டுரை அனுப்ப வேண்டும், ஆசிரியர் குறிப்பு எழுதித் திருப்பி அனுப்புவார். நேரில் பார்க்க முடியாததாலேயே அவர் எல்லாவற்றையும் எழுத்தில் சொல்லியாக வேண்டும். வளாகத்தில் வாய்ச்சொல்லாகக் காற்றில் போவது இங்கே கையில் தங்குகிறது. இழப்பு எது என்றால், எதிரே உட்கார்ந்து “நீ சொல்வது தவறு” என்று சொல்லும் சக மாணவர். இணையவழி வகுப்புகள் அதைக் கொஞ்சம் ஈடு செய்கின்றன, கொஞ்சம்தான்.

தொலைநிலை என்ற பெயரில் இன்னொன்றும் விற்கப்படுகிறது. அச்சிட்ட பாடப் புத்தகம் தபாலில் வரும், ஆண்டு முடிவில் தேர்வு எழுதலாம். நடுவில் வைக்கும் ஒப்படைப்புகளைப் படித்தவர் யாரும் இருப்பதாகத் தெரியாது. எல்லாவற்றிலும் ஒரே ‘நன்று’. சான்றிதழ் மட்டும் தேவை என்றால் அது உதவும். மற்றபடி அது தனியாகப் படிப்பதுதான், ரசீதோடு.

தனியாகப் படிப்பதென்றால் இலவசமாகவே படிக்கலாம். 2007-இல் தொடங்கிய யேல் திறந்தநிலைப் பாடங்களில் மில்டன், நவீனக் கவிதை, 1945-க்குப் பிந்தைய அமெரிக்க நாவல் ஆகியவை முழுப் பருவ விரிவுரைகளாகக் கிடைக்கின்றன. பால் ஃப்ரையின் இலக்கியக் கோட்பாட்டு வகுப்பு 26 விரிவுரைகள். ஆக்ஸ்ஃபோர்டில் எம்மா ஸ்மித் ஷேக்ஸ்பியர் பற்றி நடத்திய விரிவுரைகளை ஒலிப்பதிவாகக் கேட்கலாம். ஒரு நாடகத்துக்கு ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு மணி முழுவதும் அதையே துருவுவார். எனக்குப் பிடித்தது பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் அல் ஃபில்ரைஸ் 2012 முதல் கோர்செரா என்ற இணையவழிக் கல்வித் தளத்தில் நடத்திவரும் நவீன அமெரிக்கக் கவிதை வகுப்பு. அதில் விரிவுரை அரிது. மேசையைச் சுற்றி மாணவர்கள் உட்கார்ந்து ஒரு கவிதையைப் பிரித்துப் போடுவார்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் மறுப்பார். நாம் எழுதும் கட்டுரையைச் சக மாணவர்கள் படித்துக் கருத்துச் சொல்வார்கள். சக மாணவரின் கருத்து சில நேரம் உப்புச்சப்பில்லாமல் இருக்கும். ஆனால் ஒருவர் படித்திருக்கிறார்.

இவற்றைப் பட்டத்துக்கு மாற்றாக நான் சொல்லவில்லை, சோதனைக்குச் சொல்கிறேன். சேரலாமா வேண்டாமா என்று தயங்குகிறவர்கள் இவற்றில் ஒன்றைத் தொடங்கிக் கடைசி விரிவுரை வரை போங்கள். முடிவில் 1,500 சொல்லில் ஒரு கட்டுரை எழுதுங்கள். ஒரு வாரம் கழித்து எடுத்துத் திரும்ப எழுதுங்கள். இரண்டாம் முறை எழுதுவது எரிச்சலாக இருந்தால் நீங்கள் வாசகர், மாணவர் அல்லர். அதில் ஒரு குறைவும் இல்லை. ஒரு பெரிய செலவு மிச்சம்.

எழுத்தாளராக வேண்டும் என்பவர்கள் இலக்கியப் பட்டத்தையும் படைப்பெழுத்துப் படிப்பையும் குழப்பிக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் 1936 முதலும், இங்கிலாந்தில் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகத்தில் 1970 முதலும் படைப்பெழுத்தைப் பட்டமாகவே கற்பிக்கிறார்கள். இரண்டும் பட்டமேற்படிப்புகள், ஏற்கெனவே எழுதியதைக் காட்டித்தான் சேர முடியும். இளங்கலையில் இலக்கியம், அதற்குப் பிறகு வேண்டுமானால் படைப்பெழுத்து என்ற வரிசையே எனக்குச் சரியாகப் படுகிறது. நிறையப் படிக்காத பதினெட்டு வயதுக்காரர்கள் பன்னிரண்டு பேர் ஒருவர் கதையை மற்றவர் திருத்துவதில் யாருக்கும் பெரிய லாபம் இல்லை.

வேறு துறையில் பட்டம் வாங்கிவிட்டு நேராக முதுகலைக்கு வர விரும்புவோருக்கும் வழி உண்டு. சில துறைகள் மாதிரிக் கட்டுரை ஒன்றை வாங்கிப் பார்த்துச் சேர்த்துக்கொள்கின்றன. பிரிட்டனில் இது பெரும்பாலும் ஓராண்டு, மற்ற நாடுகள் பலவற்றில் இரண்டாண்டு. இரண்டாண்டைத் தேர்ந்தெடுங்கள். இளங்கலைக்காரர்கள் மூன்று ஆண்டுகளில் படித்ததை ஓராண்டுக்குள் பிடிக்க ஓடும்போது ஆய்வேட்டுக்கு நேரம் இருக்காது.

வேலையைப் பற்றிக் கேட்பார்கள். கற்பித்தல், பதிப்புத் துறை, இதழியல், மேலும் படித்தால் சட்டம், அரசுப் பணித் தேர்வு என்று பல பக்கம் போகிறார்கள். பட்டத்தின் பெயரைப் பார்த்து இன்ன நாற்காலி என்று யாரும் எடுத்துவைத்திருக்க மாட்டார்கள். இதில் எந்த வழிக்கும் மற்றதைவிடப் பெரிய சலுகை இல்லை.

விண்ணப்பம் போடுவதற்கு முன் பாடப்பிரிவின் பக்கத்தில் ‘மதிப்பீடு’ என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். ‘100 விழுக்காடு தேர்வு’ என்று இருக்கிறதா, இத்தனை சொல்லில் இத்தனை கட்டுரை என்று இருக்கிறதா? அதற்கு மேல் துறை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு மூன்று கேள்வி கேட்கலாம். இறுதி மதிப்பெண்ணுக்கு முன்னால் எத்தனை கட்டுரைகளைத் திருத்தித் தருகிறீர்கள்? திருத்துபவர் பாடம் நடத்துகிறவரா, வேறு ஒருவரா? எத்தனை நாளில் திரும்பக் கிடைக்கும்? முதல் இரண்டுக்கும் நல்ல பதில் வந்தாலும் மூன்றாவதைக் கவனியுங்கள். ஐந்து வாரம் என்றால், அடுத்த கட்டுரையைப் பழைய தவறுகளோடு அனுப்பி முடித்த பிறகுதான் முந்தையது கைக்கு வரும்.